அப்பாவின் செருப்புக்கு ஒரு சுருதி

“சலங்கைதான் இருக்கே. அப்புறம் இது எதுக்கும்மா?”

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில் நடக்கும் பரத வகுப்பில் டீச்சர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவர் முன்னால் தட்டுமனை, கையில் கழி. என் கையில் இரண்டு சென்சார், ஒரு சின்ன பேட்டரி, வெல்க்ரோ பட்டை. இதைப் பிள்ளைகளின் கணுக்காலில் கட்டிவிட்டால் அவர்கள் அசைவெல்லாம் ஒலியாக மாறும் என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் விளக்கியிருந்தேன். அவர் முழுசாகக் கேட்டார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு ஜோடி சலங்கையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அசைவை ஒலியாக்குவது பற்றி முதுகலை ஆய்வு செய்யப் பதிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சலங்கையைவிடப் பழைய, சலங்கையைவிடப் பிசகாத கருவி என்னிடம் இல்லை என்பது அந்த மேசையின் முன்னால்தான் எனக்கு உறைத்தது. கால் தரையைத் தொடும் அதே கணத்தில் ஒலி. மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. பேட்டரி வேண்டாம்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்த மண்டபத்திலும், எங்கள் அடுக்குமாடி வீட்டின் நடைபாதையிலும் நான் கற்றதை இங்கே எழுதிவைக்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைக்கும் நம் பிள்ளைகள் சிலர் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். எந்தக் கருவி வாங்கலாம், எந்த மென்பொருள் படிக்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அவற்றைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது.

அசைவையோ எண்களையோ காதுக்குப் புரியும்படி மாற்றுவதை நான் ஒலியாக்கம் என்று சொல்லிவருகிறேன். இது புதிதல்ல. கைகரும் முல்லரும் 1928இல் உருவாக்கிய கதிர்வீச்சுக் குழாய் ‘டிக் டிக்’ என்று சொல்வதும் இதுதான். கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, காது ஆபத்தை எண்ணிக்கொண்டிருக்கும். 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெரமின் செய்த கருவியை யாரும் தொடுவதில்லை. காற்றில் ஒரு கையை நகர்த்தினால் சுருதி மாறும், மறு கையை நகர்த்தினால் சத்தம் கூடும், குறையும். கிரெகரி கிரேமர் 1992இல் அமெரிக்காவின் சாண்டா ஃபேயில் ஆய்வாளர்களை ஒன்றுகூட்டிய பிறகு இது தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது.

தெரமினின் கருவியை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் இருப்பது இரண்டே இரண்டு விஷயம்: சுருதி, சத்தம். நூறு ஆண்டு கழித்து வந்த நான் என்ன செய்தேன் என்றால், எம்பியு-6050 என்ற சென்சாரைக் காலுக்கு ஒன்றாகக் கட்டினேன். ஜாலான் பாசார் கடைகளில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) அப்போது கிடைத்த நகம் அளவுச் சில்லு அது. ஒவ்வொன்றும் ஆறு எண்களைத் தரும்: மூன்று திசையிலும் முடுக்கம், மூன்று அச்சிலும் சுழற்சி. இரண்டு காலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. வினாடிக்கு நூறு முறை. அந்தப் பன்னிரண்டையும் பன்னிரண்டு ஒலிக் குணங்களோடு இணைத்தேன். ஒன்று சுருதி, ஒன்று எதிரொலி, ஒன்று கரகரப்பு. ஒன்றையும் சும்மா விடவில்லை. வீட்டில் என் அறையில் காலை வீசிப் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மண்டபத்தில் முதல் தட்டடவு (காலைத் தரையில் தட்டும் அடிப்படை அடவு), முதல் காலம், அதாவது மெதுவான வேகம். “தெய்யா தெய்” என்று டீச்சர் சொல்ல, பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து பத்து வானொலியை ஒரே நேரத்தில் திருகியதுபோல ஒரு இரைச்சல். டீச்சர் கழியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பிள்ளை தட்டினாளா இல்லையான்னே இதுல தெரியலையே.”

இந்தத் துறையில் எந்த எண்ணை எந்த ஒலிக்குக் கட்டுவது என்பதுதான் பாதி வேலை. நான் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். அதனால் எதுவும் கேட்கவில்லை. அன்றிரவு பன்னிரண்டில் பதினொன்றை வெட்டினேன். கால் தரையில் அடித்த கணம் மட்டும் மிச்சம். ஒரு தட்டுக்கு ஒரு ஒலி.

அந்த ஒன்றைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆனது. முதல் சிக்கல், மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே அளவு ஒலி வந்தது. சென்சார் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறு வாங்கினேன். அதுவும் அப்படியே. பிறகு எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மலைகளின் உச்சியைக் கத்தியால் சீவியதுபோல எல்லாம் தட்டையாக இருந்தன. அந்தச் சில்லு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், புவியீர்ப்பைப்போல இரண்டு மடங்கு வரைதான் அளக்கும். பரதத் தட்டு அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அளவை பதினாறு மடங்குக்கு மாற்ற ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரி தெரியாமல் மூன்று வாரம் போயிருந்தது. எந்த சென்சாரானாலும் ஒலியோடு இணைப்பதற்கு முன்னால் எண்களைக் கண்ணால் பாருங்கள். அசையாமல் நிற்கும் காலிலும் அது புவியீர்ப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும், அதைக் கழிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் புரியும்.

இரண்டாவது சிக்கலை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. எடுத்துப்போக வசதி என்று புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வைத்திருந்தேன். முதல் காலத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. மூன்றாம் காலம் வந்தது. முதல் காலத்தில் வினாடிக்கு ஒரு தட்டு என்றால் மூன்றாம் காலத்தில் நான்கு. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கால் வினாடிதான். புளூடூத் வழியாக ஒலி வந்துசேரும் தாமதமே அதில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். அந்தப் பிள்ளை தன் காலின் ஒலிக்காகக் காத்திருந்தாள். காத்திருக்கக் காத்திருக்கக் கால் பின்தங்கியது, டீச்சரின் கழி முன்னே போனது. இரண்டு ஆண்டாகக் கெட்டியாகத் தாளம் போட்டுவந்தவள், நான்கே நிமிடத்தில் நிலைகுலைந்து உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. “ஒரு மாசம் கழிச்சு வாம்மா” என்றார்.

அந்த ஒரு மாதத்தில் தாமதத்தை அளக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சென்சாரைக் கையில் பிடித்து மேசையில் தட்டுங்கள். பக்கத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடட்டும். மேசைச் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் ஒரே பதிவில் விழும். அந்தப் பதிவைக் கணினியில் திறந்தால் இரண்டு முகடுகள் தெரியும். நடுவிலுள்ள இடைவெளிதான் உங்கள் தாமதம். அமெரிக்காவின் பெர்க்லியில் டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2002இல் எழுதிய கட்டுரையில், இசைக்கருவிக்குத் தாமதம் 10 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னுடையது அதைப்போலப் பல மடங்கு.

பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்தேன். புளூடூத்தை விட்டுவிட்டு வயர் ஸ்பீக்கர். மண்டபத்து வைஃபையில் ஆளாளுக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் சென்சாருக்கென்றே தனியாக ஒரு சின்ன ரூட்டர். ஒலி செய்யும் மென்பொருளாக மில்லர் பக்கெட் எழுதி இலவசமாகக் கொடுத்த ப்யூர் டேட்டா. அதில் ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து வெளியே அனுப்புவது என்று ஓர் அமைப்பு உண்டு. 1024 மாதிரிகள் (ஒலியின் நுண்துண்டுகள்) என்று வைத்தால் அதுவே 23 மில்லி வினாடியைத் தின்னும். 128 என்றால் மூன்றுகூட இல்லை. கடைசியாக, ஸ்பீக்கரைத் தூக்கிப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தேன். ஒலி காற்றில் 10 மில்லி வினாடிக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர்தான் போகும். மண்டபத்தின் அந்தக் கோடியில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு நிரலில் மில்லி வினாடி தேடுவது வீண் வேலை.

கேமரா வைத்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். சாதாரணக் கேமரா வினாடிக்கு முப்பது படம் எடுக்கிறது. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் மட்டுமே 33 மில்லி வினாடி போய்விடும். அதைவிட முக்கியம், பெற்றோர் நம்பி அனுப்பும் பெண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கேமரா மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனேன். தட்டும் ஒலியும் ஒட்டிக்கொண்டன. அந்தப் பெண்ணே முதலில் வந்து காலை நீட்டினாள். நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் டீச்சரின் கேள்வி அப்படியே நின்றது. இப்போது என் கருவி சலங்கை செய்வதைச் சலங்கை அளவுக்குச் செய்தது. அவ்வளவுதான்.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் வருகைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் எட்டுப் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். தலையைத் திருப்பாமலே சொன்னார்: “பின் வரிசையில ஒரு எடது காலு தூங்குது.” உண்மைதான். ஒருத்தியின் இடது கால் ஒரு மயிரிழை பிந்தி விழுந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் லேப்டாப் திரையில் அத்தனை வரைபடமும் ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து கேட்டேன். “டீச்சர், உங்க காதுக்கு என்ன கேட்காது?”

அவர் யோசிக்கவே இல்லை. “அரைமண்டி. ரெண்டாங்காலத்துல இருந்து பிள்ளைங்க கொஞ்சங் கொஞ்சமா ஏறிடுவாங்க. அது கேட்காது, பார்க்கத்தான் வேணும். எட்டுப் பேரையும் ஒரே நேரத்துல நான் எப்படிப் பார்க்க?” முழங்கால்களைப் பக்கவாட்டில் திறந்து பாதி உட்கார்ந்து ஆடும் நிலைதான் அரைமண்டி.

புதிதாக ஓர் ஒலியைச் செய்வதற்கு முன்னால், அந்த இடத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். காதுக்கு ஏற்கெனவே எட்டுவதை மறுபடி ஒலியாக்கினால் அது இரைச்சலைக் கூட்டும். எட்டாததைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான் கருவி, மென்பொருள் இரண்டுக்கும் முந்திய கேள்வி என்று சொன்னது இதைத்தான். டீச்சரிடம் அதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

சென்சார் கணுக்காலிலிருந்து தொடைக்கு ஏறியது. தொடை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் புவியீர்ப்பின் திசையை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் ஆடும்போது அந்த அளவு நடுங்கும். சுழற்சியை அளக்கும் பகுதி நடுங்காது, ஆனால் நேரம் ஆக ஆக மெல்ல விலகிப்போகும். இரண்டையும் கலக்க வேண்டும்: சுழற்சிக்கு நூற்றுக்கு 98 பங்கு, புவியீர்ப்புக்கு 2 பங்கு. கணக்கு ஒரே வரிதான், ஆனால் ஆட்டத்தின் நடுவிலும் கோணம் நிலையாக நிற்கும்.

அதற்கு எந்த ஒலி? நான் தம்புராவை எடுத்துக்கொண்டேன். ஒரே சுருதியில் இரண்டு தந்திகள். அரைமண்டி சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே தந்திபோலக் கேட்கும். பிள்ளை மேலே ஏற ஏற ஒரு தந்தி விலகும். 220 ஹெர்ட்ஸில் ஒன்றும் 222 ஹெர்ட்ஸில் ஒன்றும் ஒலித்தால் வினாடிக்கு இரண்டு முறை ‘வாவ், வாவ்’ என்று ஓர் அலை எழும். சுருதி சேராத தம்புராவைக் கேட்ட யாருக்கும் அந்த அலை தெரியும். சங்கீதம் தெரியாத பிள்ளையும் இரண்டாம் முறையே கண்டுபிடித்துவிடும், யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் அது வேலை செய்தபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கழியைத் தட்டினார். அலை எழும்போதெல்லாம் அவர் புருவம் சுருங்கியது. “உட்காரு” என்று அவர் சொல்வதற்குள் பிள்ளை தானே இறங்கியது.

எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் தம்புரா வைத்துப் பார்த்தோம். சரிப்படவில்லை. ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் முடிந்தது. இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னால் தள்ளினாலும் தொடை அதே சாய்வுக்கு வந்துவிடும். முழங்கால் பக்கவாட்டில் திறக்காது, முதுகு வளையும், ஆனால் சுருதி சுத்தமாகச் சேரும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. “உன் மிஷினுக்குப் பிடிச்சிருக்கு, எனக்குப் பிடிக்கல” என்றார் டீச்சர். நான் அளந்தது தொடையின் கோணம், அவர் கேட்டது அரைமண்டி. ஆட்டத்தைப் பிள்ளை ஒலிக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும் என்பது நினைவிருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் அந்தக் கருவியைத் தனியே விடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம்.

அந்த ஆண்டு நடுவில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது பக்கம்.

வார்டில் முதல் மூன்று இரவு நான்தான் பக்கத்தில் இருந்தேன். அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பிலிருந்து ‘பீப், பீப்’ என்று வந்துகொண்டே இருந்தது. அதன் வேகம் இதயத் துடிப்பு. அதன் சுருதி ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன். ஆக்சிஜன் இறங்கினால் சுருதியும் இறங்கும். மயக்க மருத்துவர்கள் இந்த ஒலியை 1980களிலிருந்து கேட்டுவருகிறார்கள். நான் பாடமாகப் படித்ததுதான். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி, விடியவிடிய அந்த ஒரே சுருதி மாறாமல் இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நல்ல ஒலியாக்கம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. இரண்டே விஷயம் சொல்லும் ஒலி. கண் தேவையில்லை. தூக்கத்திலும் எட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா கைத்தடியோடு நடக்கப் பழகினார். பிசியோ பார்த்த அக்கா, ஒரு மலாய்க்காரர், திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இரண்டு காலும் தரையில் நிற்கும் நேரம் சமமாக வர வேண்டும். அப்பாவுக்கு இடது காலில் நம்பிக்கை இல்லை. அதில் பாரத்தை வைத்ததும் பதறி வலது காலுக்குத் தாவிவிடுவார். தாவுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார்: “எடது கால இழுக்கறீங்க.” செருப்பு சிமெண்டில் தேயும் சத்தம் அவருக்கு அங்கேயே கேட்கும்.

பிசியோ அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். விழுந்தால் அந்த வயதில் எலும்பு தாங்காது. ஒலியைக் கேட்பதில் கவனம் போனால் நடையில் கவனம் குறையும். ஆகவே பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும். காதில் ஹெட்போன் கூடாது, ஒலி திறந்த ஸ்பீக்கரில் வர வேண்டும். அப்பா எழுந்து நடந்தது பிசியோவாலும் அவருடைய பிடிவாதத்தாலும். நான் செய்தது அதற்கு ஒரு கைத்துணை.

அழுத்தினால் மின்தடை குறையும் வட்டத் தகடு உண்டு, ஏறத்தாழப் பத்துக் காசு நாணயம் அளவு. ஜாலான் பாசாரில் அஞ்சடி (கடை முன் நடைபாதை) ஓரம் இருக்கும் ஒரு கடையில் நான்கு வாங்கினேன். செருப்பில் குதிகாலுக்கு ஒன்று, முன்பாதத்துக்கு ஒன்று. எண்களை அனுப்ப ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை. மேசையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. வைஃபையை இயக்கியதும் ஒரு காலின் எண்கள் செத்துப்போயின. அந்தப் பலகையில் அளவு எடுக்கும் கால்கள் (வயர் இணைக்கும் பின்கள்) இரண்டு கூட்டமாக இருக்கின்றன. வைஃபை ஓடும்போது இரண்டாவது கூட்டத்தைப் பயன்படுத்த முடியாது. 32 முதல் 39 வரை எண்ணுள்ள கால்களில் இணைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. நம் ஊர் வியர்வையில் தகடு ஊறி, காலைத் தூக்கினாலும் அழுத்துவதாகவே சொல்லும். அதற்கு நல்ல டேப்பால் சுற்றி, வரம்பு இரண்டு வைத்தேன்: ‘கால் ஊன்றியது’ என்று சொல்ல உயர்ந்த எண், ‘கால் எடுத்தது’ என்று சொல்லத் தாழ்ந்த எண். ஒரே வரம்பு வைத்தால் ஒரு அடிக்கு ஐந்து முறை ஒலிக்கும்.

முதல் ஒலி நான் யோசித்தது. இடது கால் சீக்கிரமே எழுந்துவிட்டால் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம். அப்பா நடைபாதையில் நான்கு எட்டு வைத்தார். நான்கு ‘கொர்ர்’. சுவரைப் பிடித்து நின்றுவிட்டார்.

“ஃபோர்மேன் பின்னாலயே வந்து ஏசற மாதிரி இருக்கும்மா.”

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீளக் காம்புச் சுத்தியலால் ரயில் சக்கரங்களைத் தட்டிப் பார்க்கும் வேலையில் அவரை விட்டிருந்தார்களாம். தட்டிக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாகப் போக வேண்டும். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி நீளமாகக் கேட்கும். விரிசல் விட்டது பானையைத் தட்டினால்போலச் சப்பென்று நின்றுவிடும். “எனக்கு யாரும் கெட்ட சக்கரத்தோட சத்தத்தச் சொல்லித் தரல. நல்ல சக்கரத்தத்தான் ஒரு மாசம் தட்டச் சொன்னாங்க. அது காதுல ஏறிட்டா, கெட்டது தானா தெரியும்.”

நான் அந்தத் துறையில் படித்த கட்டுரைகள் அத்தனையையும் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் சொன்னபடி செய்தேன். இடது கால் தரையில் இருக்கும்வரை ‘ஸா’. வலது கால் இருக்கும்வரை ‘பா’. தப்பு என்று எந்த ஒலியும் சொல்லாது. காலை எடுத்தால் ஸ்வரம் நிற்கும், அவ்வளவே. நடக்க ஆரம்பித்தார். ஸா குட்டை, பா நீளம். ஸா குட்டை, பா நீளம். மூன்றாவது சுற்றில் நடைபாதையின் கோடியில் நின்று திரும்பிப் பார்த்தார். “எடதுல மணி நின்னுபோகுது” என்றார். பதறாமல் நிறுத்தி வைத்தால் மணி நீளும் என்று அவரே புரிந்துகொண்டார். அம்மா மாதக்கணக்கில் சொல்லியும் அவர் உடம்புக்கு எட்டாதது அன்று எட்டியது.

முதலில் ஸ்வரங்களை மேல் ஸ்தாயியில் வைத்திருந்தேன். வயதானால் காது முதலில் இழப்பது மேல் சுருதிகளைத்தான், அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மிகக் கீழே இறக்கினால் சின்ன ஸ்பீக்கருக்கு வராது. 300 ஹெர்ட்ஸுக்கும் 800 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருவருக்கும் ஒத்துவந்தது.

இசையின் தாளத்துக்கு நடக்கப் பழக்குவது பற்றி மைக்கேல் தாவுட் 1990களிலிருந்து ஸ்ட்ரோக் நோயாளிகளோடும் பார்கின்சன் நோயாளிகளோடும் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். 2015இல் அனா தஹதுரா-ஹிமேனெஸும் அவர் குழுவினரும், நடப்பவரின் சொந்தக் காலடி ஓசையையே மாற்றிக் கேட்க வைத்தால் தன் உடம்பு லேசாக இருப்பதுபோல அவர் உணர்கிறார் என்று காட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு பயமும் வந்தது. ஒலி உடம்பின் உணர்வையே மாற்றும் என்றால், அதை நோயாளியின் காலில் கட்டும்போது அழகுக்காக என்று எதையும் சேர்க்கக் கூடாது.

ஒலிக்குப் பழகிவிடும் ஆபத்தும் உண்டு. பயிற்சியின்போது ஒவ்வொரு அடிக்கும் வெளியிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தால், பதில் நின்றதும் கற்றது தங்காமல் போகலாம் என்று 1984இலேயே சல்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பிசியோ அக்கா சொன்னபடி, நடைபாதையில் போகும்போது ஒலி, வரும்போது மௌனம். பிறகு மூன்று சுற்றுக்கு ஒரு முறை ஒலி. அப்பாவுக்கு மௌனச் சுற்று பிடிக்காது. ஆனாலும் நடந்தார்.

நடுவில் எண்களோடு ஒரு சின்னச் சோதனை. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் கடுமையாகிப் பள்ளிகளை மூடினார்களே, அப்போது அப்பா வெளியே இறங்கலாமா என்று பார்க்கத் தினமும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்ப்பேன். 50 வரை நல்லது, 100 வரை மிதம், அதைத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு. அப்பாவுக்குக் கைப்பேசி எழுத்து தெரியாது. மணிக்கு மணி வரும் எண்ணை ஒரே ஸ்வரமாக்கிக் கொடுத்தேன். எண் ஏற ஏற ஸ்வரம் ஏறும். படித்தவர்கள் யாரும் இப்படித்தான் கட்டுவார்கள். மறுநாள் காலை உச்ச ஸ்வரம் ஒலித்திருக்கிறது. அப்பா பசியாறிவிட்டு, செருப்பை மாட்டி, லிப்ட் வரை போய்விட்டார். அவர் காதில் கணீரென்ற ஒலி நல்ல சக்கரம். சக்கரம் நன்றாக இருக்கிறது, காற்றும் நன்றாக இருக்கும்.

அன்றே தலைகீழாக மாற்றினேன். காற்று கெடக் கெட ஒலி மங்கிக் கீழே இறங்கும், நீளம் குறையும். யார் கேட்கப் போகிறார்களோ அவர்களை உட்காரவைத்து, இரண்டு ஒலியைப் போட்டு, இதில் எது மோசம் என்று கேட்டுவிட்டு அதன்பிறகு கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

இப்போதும் செருப்பில் அந்தத் தகடுகள் இருக்கின்றன. பேட்டரியை சார்ஜ் செய்து நாளாகிறது. போன வாரம் எடுத்து சார்ஜில் போடப்போனேன். “இன்னிக்கு வேணாம்மா, சும்மா நடக்கறேன்” என்றார். நான் அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நடைபாதையிலிருந்து வலது செருப்பு ‘டப்’ என்றது. இடது செருப்பு லேசாக ஒரு ‘சர்’, பிறகு ‘டப்’. போனார், வந்தார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கேட்டார்.

“சர் கொறஞ்சிருக்குல்ல?” என்றார்.